பெருவிரல் எலும்பு ஆபரேஷன்: ஆறு வாரத்துக்குப் பின் புதுப்பிப்பு

வலது கால் பெருவிரல் அடுத்த விரல் மேல் சாய்ந்து, அடிமூட்டு புடைத்து, எந்தச் செருப்பும் சேரவில்லை, ஆபரேஷன் செய்யலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். செய்துகொண்டேன். இன்றோடு 6 வாரம்.

புடைப்பைச் செதுக்கி எடுப்பார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஹாலக்ஸ் வால்கஸ் எனப்படும் இந்தக் கோளாறில் விரலுக்குப் பின்னால் உள்ள நீண்ட எலும்பும் விலகிப் போகிறது. அதை வெட்டி, நகர்த்தி, 2 சிறிய ஸ்குரூ போட்டிருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிகின்றன.

முதல் இரண்டு வாரம் ரொம்பக் கஷ்டம். காலைத் தொங்கவிட்டாலே விண்விண்ணென்று தெறிக்கும். தலையணை அடுக்கி உயர்த்தி வைத்தால் அடங்கும். குதிகாலில் மட்டும் எடை தாங்கும் செருப்புதான் போட வேண்டும். தண்டையார்பேட்டையில் எங்கள் வாசலில் மூன்று படி. பக்கத்து வீட்டு அக்கா தோள் கொடுக்காமல் ஒருநாளும் இறங்கவில்லை. அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

தையல் பிரித்தாகிவிட்டது. மாலையில் இன்னும் வீங்குகிறது. முழுதாக வடியப் பல மாதம் ஆகுமாம். விரலை மடக்கி நீட்டும் பயிற்சியை விடாமல் செய்கிறேன், இல்லையென்றால் மூட்டு இறுகிவிடும்.

அழகுக்காக மட்டும் இதைச் செய்யாதீர்கள். வலி நடையையே கெடுத்தால் யோசியுங்கள். சர்க்கரை இருப்பவர்கள் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்து, காலின் ரத்த ஓட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.

நேற்று எம்.சி. ரோட்டில் முன்பக்கம் அகலமான செருப்பு வாங்கினேன். விரல் எங்கும் உரசவில்லை.