வெயிலில் காயவைத்த பாட்டுப்பெட்டி

எம்பி3 பிளேயரில் பேட்டரி கெட்ட கதையை இந்தப் பக்கத்தில் ஆளாளுக்கு எழுதுகிறீர்கள், எங்கள் வீட்டுக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். அப்பா முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை, காலி செய்து டவுனுக்கு வந்த பிறகும் விடியற்காலை ஐந்து மணிக்குப் பாட்டு கேட்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு எம்பி3 பிளேயர் வாங்கிக் கொடுத்தேன். பழைய பாட்டு முந்நூறு, முருகன் பாட்டு ஐம்பது.

எட்டு மாதம்தான். அப்புறம் இரண்டாவது பாட்டிலேயே உயிர் போக ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போனபோதுதான் சங்கதி தெரிந்தது. கொல்லைப்புறத்தில் மிளகாய் காயும் முறத்துக்குப் பக்கத்தில், தகரத்தின்மேல் பிளேயர் கிடக்கிறது!

"என்னப்பா இது?"

"கொஞ்சம் காயட்டும்டா. சூடு ஏறுனா நாலு பாட்டு கூடப் பாடும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. லயத்தில் ராத்திரி பத்து மணிக்கு ஜெனரேட்டர் நின்றுவிடும். ரேடியோவுக்குப் பெரிய பேட்டரிதான் கதி. தீர்ந்துபோனதை யாரும் தூக்கி எறிய மாட்டார்கள், வெயிலில் காயவைப்பார்கள். 1.5 வோல்ட் துத்தநாக-கார்பன் பேட்டரிக்கு அது பலிக்கும். சூட்டில் உள்ளேயுள்ள ரசாயனம் கொஞ்சம் சுறுசுறுப்பாகி, செய்தி கேட்கும் அளவுக்காவது உயிர் வரும். அப்பாவின் அறிவு பொய்யில்லை, ஆனால் அது வேறு பேட்டரிக்கான அறிவு. பிளேயரில் இருப்பது லித்தியம் பேட்டரி, லித்தியத்துக்கு வெயில் எமன்.

பிளேயரை மேசையில் வைத்தேன். தட்டையாக நிற்காமல் ஆடியது. பின்மூடி ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. கடைத்தெருவில் கைப்பேசி பழுது பார்க்கும் தம்பி அதை மெல்ல நெம்பித் திறந்தார். பிஸ்கட் மாதிரி தட்டையாக இருக்க வேண்டிய வெள்ளிநிறப் பை, பூரி மாதிரி உப்பியிருந்தது. உள்ளேயிருக்கும் திரவம் சூட்டில் சிதைந்து வாயுவாகிவிட்டதாம். "அண்ணே, குத்திக் காத்தை எறக்கிடலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, பத்திக்கும்" என்று சொல்லிக்கொண்டே மணல் போட்ட மைலோ டின்னில் அதைப் பதமாக இறக்கினார். அந்த டின்னில் ஏற்கெனவே மூன்று பூரி கிடந்தது.

அப்பா ராத்திரி முழுக்க பிளேயரை சார்ஜில் போட்டுவைப்பதைப் பற்றியும் கேட்டேன். 4.2 வோல்ட் வந்ததும் உள்ளேயிருக்கும் சர்க்யூட் நிறுத்திவிடும், அதனால் உடனே ஒன்றும் ஆகாது என்றார். ஆனால் முழு வயிற்றோடு சூட்டில் உட்கார்ந்திருப்பதுதான் அதற்குப் பெரிய வேதனை. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். முழு சார்ஜோடு 40 டிகிரியில் ஒரு வருடம் வைத்தால் கொள்ளளவில் 65 சதவீதம்தான் மிஞ்சும் என்று கணக்கு போட்டிருக்கிறார்கள். அதையே 40 சதவீத சார்ஜில், 25 டிகிரியில் வைத்தால் 96 மிஞ்சுமாம். நம் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் எத்தனை டிகிரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக, என் கணக்கில் முதல் குற்றவாளி வெயில், அடுத்ததுதான் ராத்திரி சார்ஜ்.

*

மேலே எழுதியவரின் கதைக்கு என் கதை நேர் எதிர். நானும் சுங்கை சிப்புட்தான், இப்போது ஈப்போவில். புதுக் கைப்பேசி வந்ததும் பழைய பிளேயரை அலமாரியில் போட்டேன். வைப்பதற்கு முன் ஞாபகமாக சார்ஜை முழுவதும் இறக்கிவிட்டுத்தான் வைத்தேன். "அப்பத்தான் பேட்டரிக்கு நல்லது" என்று மாமா சொல்லியிருந்தார். அது நிக்கல்-காட்மியம் காலத்துப் பேச்சு. பாதியில் ஏற்றினால் அந்தப் பாதியையே நினைவில் வைத்துக்கொள்ளும் என்று அந்தப் பேட்டரிக்குச் சொல்வார்கள். லித்தியத்துக்கு அந்த ஞாபக வியாதி கிடையாது, அரைகுறையாக ஏற்றி இறக்குவதுதான் அதற்குப் பிடிக்கும்.

இரண்டு வருடம் கழித்து எடுத்துச் செருகினேன், விளக்குகூட எரியவில்லை. கடையில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 1.9 வோல்ட். இவ்வளவு கீழே போய்விட்டால் உள்ளேயிருக்கும் செம்பு கரைய ஆரம்பித்திருக்கலாம், மறுபடி ஏற்றினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம் என்று சொல்லி, கடைக்காரர் உயிர் கொடுக்க மறுத்துவிட்டார். கோபம்தான் வந்தது, ஆனால் அவர் செய்தது சரி. தூக்கி வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் வையுங்கள், சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

*

நான் வேறு ஆள், செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறேன். மோட்டார் சீட்டுக்கு அடியில் வைத்தே இரண்டு பிளேயரைக் கொன்றிருக்கிறேன். இப்போது சாப்பாட்டுப் பையில், நிழலில். ஒரு சந்தேகம்: கைப்பேசியின் பெரிய சார்ஜரை இந்தச் சின்னப் பிளேயருக்குச் செருகலாமா?

*

அப்பாவின் கதையை எழுதியவன்தான் மறுபடி எழுதுகிறேன். செருகலாம். சுவரில் செருகுவது 5 வோல்ட் கொடுக்கும் அடாப்டர்தான், எவ்வளவு மின்சாரம் எடுப்பது என்பதைப் பிளேயருக்குள் இருக்கும் சர்க்யூட் பார்த்துக்கொள்ளும். அடாப்டர் பெரிதாக இருந்தாலும் பிளேயர் தனக்கு வேண்டியதைத்தான் குடிக்கும். ஐந்து வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கிடைக்கும் பெயர் தெரியாத அடாப்டருக்குத்தான் நான் பயப்படுவேன், 5 வோல்ட் என்று எழுதியிருப்பதை நம்ப முடியாது. கம்ப்யூட்டரில் செருகினாலும் போதும், என்ன, கொஞ்சம் மெதுவாக ஏறும்.

அப்பாவிடம் சதவீதம், டிகிரி எல்லாம் பேசவில்லை. காலையில் கோப்பி கலக்கும்போது செருகுங்கள், குளித்துவிட்டு வந்து பிடுங்குங்கள், சூடு மட்டும் ஆகவே ஆகாது என்று சொல்லி வைத்தேன். நன்றாகத் தலையாட்டினார்.

போன வாரம் போனேன். பிளேயரைக் காணோம். அம்மா ஒன்றும் பேசாமல் ஐஸ்பெட்டியைத் திறந்து காட்டினார். கறிவேப்பிலைக் கட்டுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறார் மனிதர்.