உயரமான மூவரும் போய்விட்டார்கள்: இந்த ஆண்டு 5-1 ஆடுவதா, 4-2 ஆடுவதா?

செட்டர்_எண்2:

வணக்கம். தென்காசிப் பக்கம் ஒரு மகளிர் கல்லூரி. இந்த ஆண்டு வாலிபால் அணிக்கு நான் கேப்டன். மூன்றாம் ஆண்டு வணிகவியல், உயரம் 156 சென்டிமீட்டர், ஆகவே செட்டர், அதாவது அடிப்பவளுக்குப் பந்தைத் தூக்கிக்கொடுப்பவள். எங்கள் பக்கத்தில் குட்டையான பெண்ணுக்கு அணியில் கிடைப்பது ஒன்று இந்த வேலை, இல்லாவிட்டால் பின்வரிசையில் பந்தை எடுக்க மட்டுமே நிற்கிற லிபரோ.

போன ஆண்டு வலைக்கு முன்னால் நின்று அடித்த மூன்று அக்காக்களும் படிப்பை முடித்துவிட்டார்கள். ஒருவருக்குத் திருமணம் ஆகிவிட்டது, ஒருவர் பி.பி.எட். சேர்ந்திருக்கிறார், இன்னொருவர் காவலர் தேர்வுக்குப் படிக்கிறார். மிச்சம் நான், லிபரோ, போன ஆண்டு முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று பேர்.

முதலாம் ஆண்டில் ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இருவர் பள்ளி அணியில் ஆடியவர்கள். ஒருத்தி கபடி. ஒருத்தி எந்த விளையாட்டும் தெரியாதவள், தோழி வருகிறாள் என்று கூடவே வருகிறாள். ஐந்தாமவள் எறிபந்து ஆடியவள், 170 சென்டிமீட்டர், இடது கைக்காரி. இப்போது அணியிலேயே உயரம் அவள்தான். ஆனால் பந்து வந்தால் பிடித்துவிடுகிறாள். பிடித்த பிறகு எங்களைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். அடுத்த பந்தையும் பிடிக்கிறாள்.

மைதானம் செம்மண். இது சாரல் காலம் என்பதால் மேற்கே மலையிலிருந்து காற்று அடித்துத் தள்ளுகிறது. எதிர்க்காற்றில் போட்ட சர்வீஸ் வலையைத் தாண்டுவதில்லை. காற்றோடு போட்டால் கோ-கோ கம்பம் வரை போகிறது. பயிற்சி நான்கு மணியிலிருந்து ஐந்தேகால் வரை. ஐந்தரை பஸ்ஸை விட்டால் பாதிப் பேர் ஏழு மணி வரை நிற்க வேண்டும்.

எங்கள் உடற்கல்வி இயக்குநர் மேடம் தடகளத்தில் இருந்து வந்தவர். எல்லா விளையாட்டையும் அவர் ஒருவரே பார்க்கிறார். "வாலிபாலுக்கு நீயே யோசித்துச் சொல், நான் அனுமதி வாங்கித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டார். அதுவே பெரிய விஷயம்.

கேள்வி இதுதான். போன ஆண்டு நான் ஒருத்தியே செட்டர், மற்ற ஐந்து பேரும் அடிப்பவர்கள் என்று 5-1 ஆடினோம். நான் முன்வரிசைக்கு வரும் மூன்று சுற்றிலும் அடிப்பதற்கு இரண்டு பேர்தான். எதிரணியும் என் தலைக்கு மேலேயே அடிக்கும். அப்போது அக்காக்கள் சமாளித்தார்கள். இப்போது இரண்டு செட்டர், நான்கு அடிப்பவர்கள் என்று 4-2க்கு மாறலாமா? இரண்டாவது செட்டராக ஒருத்தி இருக்கிறாள், விரல் நன்றாக இருக்கிறது, கால்தான் மெதுவாக வருகிறது. பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை.

மதுரை_நடுவரிசை:

5-1ஐ விடாதே தங்கச்சி. நான் கல்லூரியில் நடுவில் நின்று அடித்தவள், இப்போது வங்கி வேலை. ஒரே கையிலிருந்து பந்து வந்தால்தான் அடிப்பவளுக்குக் காலம் பிடிபடும். இரண்டு செட்டர் என்றால் ஒருத்தி கொடுக்கும் உயரம் வேறு, இன்னொருத்தி கொடுக்கும் உயரம் வேறு. புதுப் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

உயரம் இல்லையென்றால் குதிப்பை ஏற்று. தினமும் இருநூறு குதிப்பு, படிக்கட்டில் ஏறி இறங்குவது, முடிந்தால் கயிறு. எங்களை அப்படித்தான் ஆக்கினார்கள்.

ஓய்வுபெற்ற_பி.டி.:

மகளே, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். யார் அடிப்பது, யார் கொடுப்பது, யார் உயரம், எல்லாம் எழுதியிருக்கிறாய். எதிரணியின் சர்வீஸை யார் எடுப்பது என்று ஒரு வரிகூட இல்லை.

முப்பது ஆண்டுக்கு மேல் கல்லூரிப் பெண்களை ஆடவைத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். இந்த அளவிலான ஆட்டத்தில் புள்ளி ஸ்மாஷில் போவதைவிட சர்வீஸ் வாங்கத் தெரியாமல் போவதுதான் அதிகம். முதல் பந்து கெட்டால் நீ பின்கோட்டுக்கு ஓடி, எப்படியோ உயரமாகத் தூக்கி, முன்வரிசையின் இடது ஓரத்தில் இருக்கிற 4ஆம் இடத்துக்கு விடுவாய். அது 4ஆம் இடத்துக்குத்தான் போகும் என்று பார்க்க வந்த பாட்டிக்கும் தெரியும். அப்புறம் 5-1 என்ன, 4-2 என்ன?

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. அந்தத் தோழிக்காக வருகிற பெண்ணிடம் கொடு, அவளுக்கும் வேலை வேண்டும். யார் சர்வீஸை வாங்கினாலும் அவள் பெயருக்கு நேரே எண் போடட்டும். நீ ஓர் அடிக்கு மேல் நகராமல் முன்னே, நடுவே, பின்னே எங்கு வேண்டுமானாலும் கொடுக்க முடிந்தால் 3. நகர்ந்து போய் இரண்டு பக்கம் கொடுக்க முடிந்தால் 2. ஒரே ஒருத்திக்குத் தூக்கிவிட மட்டுமே முடிந்தால் 1. புள்ளி போனால் 0. ஒரு வாரத்துக் கணக்கைக் கூட்டிச் சராசரி பார். இரண்டுக்குக் கீழே இருக்கிறவளைச் சர்வீஸ் வாங்கும் இடத்திலிருந்து ஒதுக்கி நிறுத்து, எவ்வளவு நன்றாக அடித்தாலும் சரி. ஆறு பேரில் மூன்று பேர் நன்றாக வாங்கினால் போதும். மற்றவர்கள் வழிவிட்டு நிற்கக் கற்றுக்கொள்ளட்டும், அதுவும் ஒரு வித்தைதான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இடது கைக்காரி ஒருத்தி வந்திருக்கிறாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படி ஒருத்தி கிடைத்திருந்தால் அன்று மாலையே வீட்டுக்குப் போய் அவள் அம்மாவுக்கு வணக்கம் சொல்லியிருப்பேன். 2ஆம் இடத்தில், வலைக்கு வலப்பக்கம், வலது கைக்காரிக்குச் செட்டர் கொடுக்கிற பந்து உடம்பைக் கடந்துதான் அடிக்கிற கைக்கு வரும். இடது கைக்காரிக்கு அது நேராகக் கையிலேயே வரும். ஆகவே 5-1 ஆடு, அவளை உனக்கு நேர் எதிர்ச் சுற்றில் வை. நீ பின்வரிசையில் இருக்கும்போது அவள் முன்னே இருப்பாள்.

நீ முன்னுக்கு வரும் சுற்றுக்கு இரட்டை மாற்று. நீ 4ஆம் இடத்துக்குச் சுழலும்போது அவள் 1ஆம் இடத்துக்குப் பின்னே போவாள். அப்போது உனக்குப் பதில் பெஞ்சிலிருந்து அடிக்கிற ஒருத்தி, அவளுக்குப் பதில் உன்னுடைய இரண்டாவது செட்டர். முன்வரிசையில் மறுபடி மூன்று பேர் அடிக்க இருப்பார்கள். மூன்று சுற்று கழித்து இருவரையும் திருப்பி எடு. ஒரு செட்டுக்கு ஆறு மாற்றுதான், அதில் நான்கு இதற்கே போய்விடும், ஒரே ஒரு முறைதான் செய்யவும் முடியும். எந்தப் புள்ளியில் செய்வது என்பதை மேடத்திடம் முன்கூட்டியே பேசி வை.

எறிபந்துப் பெண்ணைத் திட்டாதே. அவள் பந்து விழும் இடத்தை முன்னமே கணித்துப் போய் நிற்கிறாள், அதனால்தான் பிடிக்க முடிகிறது. கபடிக்காரியைப் பார், பாதிப் பந்து அவளுக்குப் பக்கத்தில்தான் விழும். ஒரு வாரம் பிடிக்கவே விடு, ஆனால் நெற்றிக்கு மேலே, விரல்களை விரித்து, முழங்கை மடித்துப் பிடிக்க வேண்டும். பிடித்தவுடன் மேலே தள்ளிவிட வேண்டும். பிடிக்கிற நேரத்தை ஒவ்வொரு நாளும் குறைத்துக்கொண்டே வா. ஒரு நாள் நீ கவனிப்பதற்குள் அது விரல் பாஸாக மாறியிருக்கும். கீழே வருகிற பந்துக்கு இரண்டு கையிலும் சேர்த்து ஒரு கைக்குட்டையைக் கொடுத்துவிடு. கைக்குட்டையை விடாமல் பந்தைப் பிடிக்க வழியில்லை.

மதுரைத் தங்கைக்கு ஒன்று. இறுகிய செம்மண்ணில் தினமும் இருநூறு குதிப்பு வேண்டவே வேண்டாம். பெண்களுக்கு முழங்காலுக்குள் இருக்கிற ஏ.சி.எல். தசைநார் அறுந்துபோகும் ஆபத்து ஆண்களைவிட அதிகம். வாலிபாலில் அது பெரும்பாலும் குதித்து இறங்கும்போதுதான் அறுகிறது. இரண்டு முழங்காலும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று பார்க்க இறங்குகிற பெண்ணைக் கண்டால் குதிப்பை நிறுத்திவிட்டு இறங்குவதைச் சொல்லிக்கொடு. இரண்டு காலிலும், முழங்காலை மடித்து, சத்தம் வராமல் இறங்க வேண்டும். சத்தம் கேட்டால் தப்பு. இதற்குச் செலவு ஒரு பைசாகூட இல்லை.

நான் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் படித்த காலத்தில் 1964 டோக்கியோ ஒலிம்பிக் கதையைச் சொல்லாத ஆசிரியர் இல்லை. ஒலிம்பிக்கில் வாலிபால் சேர்க்கப்பட்ட முதல் ஆண்டு அது. தங்கம் வாங்கிய ஜப்பான் பெண்களில் பெரும்பாலோர் ஒரே பஞ்சாலையின் அணியைச் சேர்ந்தவர்கள். பந்தை எடுக்கப் பாய்ந்து, உருண்டு, அதே வேகத்தில் எழுந்து நிற்பார்கள். அவர்களுடைய பயிற்சியாளரின் கடுமையை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். உருண்டு எழுவதை மட்டும் எடுத்துக்கொள். விடுதிப் பாய்களை நாலைந்து அடுக்கிப் போட்டு அதன்மேல் கற்றுக்கொடு, பிறகு மண்ணுக்கு வா.

இன்னொன்று, யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால் நானே சொல்கிறேன். எல்லோரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. மூன்றாவது செட்டில் கால் இழுக்கிற பெண்ணைச் சோம்பேறி என்று எத்தனை மைதானத்தில் திட்டிக் கேட்டிருக்கிறேன். எண் குறைவாக இருந்தால் டாக்டர் மாத்திரை தருவார். மாலை டீயோடு அந்த மாத்திரையை விழுங்க வேண்டாம், டீ இரும்பை உடம்பில் ஏறவிடாது. பயிற்சிக்கு முன் வேகவைத்த கடலையோ சுண்டலோ ஒரு கை.

கோட்டு_நடுவர்:

பி.டி. அம்மா சொன்னதற்கு மேல் விளையாட்டில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. விதியில் இரண்டு விஷயம் மட்டும்.

2025-28 விதிப்புத்தகத்தில், சர்வீஸ் போடுகிற அணிக்குச் சுற்று வரிசைப்படி நிற்க வேண்டிய கட்டாயம் நீங்கிவிட்டது. எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். உங்களுடைய கால் மெதுவான செட்டர் பின்வரிசையில் 6, 5ஆம் இடங்களில் இருக்கும் சுற்றில், சர்வீஸ் உங்களுடையது என்றால், முதலிலேயே வலையோரம் போய் நின்றுகொள்ளலாம். ஓட வேண்டியதில்லை. சர்வீஸ் வாங்கும்போது மட்டும் பழைய வரிசைதான். எதிரணி பந்தை அடிக்கும் வரை தனக்கு முன்னால் நிற்க வேண்டியவளைத் தாண்டி அவள் முன்னே நிற்கக் கூடாது. வலையோரம் நிற்கிறாளே தவிர, அவள் பின்வரிசைக்காரிதான் என்பதையும் மறக்க வேண்டாம். வலைக்கு மேலே எழும்பி எதிரணி அடிக்கிற பந்தைத் தடுத்தால் சீட்டி ஊதுவோம்.

இரண்டாவது, வலையை அளந்தீர்களா? பெண்களுக்கு நடுவில் 2.24 மீட்டர். இரு ஓரமும் சம உயரமாக இருக்க வேண்டும், அதிகபட்சம் 2 சென்டிமீட்டர் கூடலாம். நான் போகிற கல்லூரி மைதானங்களில் கம்பம் சாய்ந்து, நடுவில் ஒரு சாண் தொங்காத வலையைப் பார்ப்பது அபூர்வம். அதில் அடித்துப் பழகிய பெண்கள் போட்டி அன்று முதல் செட் முழுவதும் வலையிலேயே அடிப்பார்கள். பந்தையும் கல்லாகக் காற்றடித்து வைக்காதீர்கள், புதுப் பிள்ளைகள் கை சிவந்து மறுநாள் வரமாட்டார்கள்.

செட்டர்_எண்2:

எல்லோருக்கும் நன்றி. பி.டி. அம்மா, நோட்டு போட்டாயிற்று.

கணக்கைப் பார்த்து எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் லிபரோ சராசரி 1.6. அணியில் இரண்டைத் தாண்டியவள் கபடிக்காரி ஒருத்திதான். நீங்கள் சொன்னபடி பாதிப் பந்து பக்கத்தில்தான் விழுகிறது. ஆனால் இவளுக்கு இடுப்பு எப்போதும் தாழ்ந்தே இருக்கிறது, கடைசி நேரத்தில் பக்கவாட்டில் சரிந்து கையைக் கீழே கொண்டுபோய்விடுகிறாள். லிபரோவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் விடுதி அறைத்தோழி வேறு.

வலையும் அளந்தோம். நடுவில் 2.15. கம்பத்துக்கு அடியில் கல் கொடுத்து நிமிர்த்திக் கம்பியை இழுத்துக் கட்டினோம். அன்று யாருடைய ஸ்மாஷும் தாண்டவில்லை. எறிபந்துப் பெண்ணுடையது மட்டும் தாண்டியது, அதுவும் கோட்டுக்கு வெளியே.

மதுரை_நடுவரிசை:

குதிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், அம்மா. எனக்கே இடது முழங்கால் மழைக்காலத்தில் பேசும்.

ஓய்வுபெற்ற_பி.டி.:

லிபரோவிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், நோட்டைக் காட்டு. ஒரு நாள் அவளையே எழுதவைத்து, அந்தப் பக்கத்தைக் காட்டினால் இன்னும் நல்லது. போன ஆண்டு அக்காக்கள் பந்தைத் திருத்தி அடித்ததால் அவளுடைய குறை தெரியாமல் இருந்திருக்கும். கை ஆடுகிறதா, கால் நிற்கவில்லையா என்று பார். அந்தக் காற்றில் மிதந்து வருகிற சர்வீஸுக்குக் காலைக் கடைசிவரை ஊன்றாமல் வைத்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் சீக்கிரமே ஊன்றிவிட்டுக் கையை மட்டும் நீட்டுவார்கள். பத்து சர்வீஸுக்கு ஒரு முறை பக்கம் மாற்று, எதிர்க்காற்றிலும் அவள் வாங்கட்டும்.

கபடிக்காரி பின்வரிசைக்கு வரும்போது 6ஆம் இடத்தில் நிற்கட்டும். மூவர் வாங்கும்போது நடுவில் நிற்பவளுக்குத்தான் அதிகப் பந்து வரும். உன் லிபரோ 5இல் நிற்கட்டும், இருவருக்கும் நடுவே விழுகிற பந்து யாருடையது என்று இன்றே பேசி முடித்துவிடு. "என்னுடையது" என்று வாய்விட்டுக் கத்த வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அதுதான் கடினம், கத்தக் கூடாது என்றே வளர்த்திருக்கிறோம்.

ஐந்தேகாலுக்கு முடிகிற பயிற்சியில் முதல் அரைமணி முழுவதும் சர்வீஸ் போடுவதும் வாங்குவதும். ஸ்மாஷ் கடைசியில் இருக்கட்டும், அப்போதுதான் யாரும் சீக்கிரம் கிளம்ப மாட்டார்கள். அடுத்த வாரக் கணக்கை இங்கே போடு.