புல்வெட்டிச் சக்கரத்தில் கழன்ற டயரைத் திரும்ப மாட்டுவது: கைப்பழக்கம் உள்ளவர்களின் பகிர்வு

தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டிகள் பெரும்பாலானவற்றில் இருப்பது காற்றடைத்த டயர் இல்லை. பிளாஸ்டிக் சக்கரத்தின் மேல் இழுத்து மாட்டிய ரப்பர் வளையம், அவ்வளவுதான். அதை நிறுத்தி வைப்பது அதன் இறுக்கம் ஒன்றே. வெயிலில் கிடந்து ரப்பர் தளர்ந்துபோனால், வண்டியைத் திருப்பும்போது பக்கவாட்டில் விழும் அழுத்தத்தில் வளையம் ஓரமாக ஏறி வெளியே வந்துவிடும்.

அதனால் முதலில் வளையத்தைக் கையாலேயே சக்கரத்தில் போட்டுப் பாருங்கள். நெம்பாமலே தானாகப் போய் உட்கார்ந்தால் ரப்பர் நீண்டுவிட்டது. வெறுமனே மாட்டினால் நிற்காது. பாதிக்கு மேல் ஏற மறுத்தால் நல்ல அறிகுறி, இறுக்கம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

கை வைக்கும் முன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். மின்கல வண்டியானால் பேட்டரியை எடுத்துவிடுங்கள். வண்டியைச் சாய்க்க வேண்டியிருந்தால் ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் மேலே இருக்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் எஞ்சினில் உள்ள ஆயில் அந்த ஏர் ஃபில்டருக்குள் இறங்கி, அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது ஒரே புகைதான். சக்கரத்தைக் கழற்றும்போது வாஷர்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று ஒரு படம் எடுத்து வையுங்கள்.

சக்கரத்தின் பள்ளத்தில் அப்பிக் காய்ந்த மண்ணையும் புல்லையும் சுத்தமாகச் சுரண்டி எடுங்கள். பல சக்கரங்களில் டயரை மேலே தூக்கிவிடுவதே இந்த அடைசல்தான். பிறகு ரப்பரைச் சூடான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு இடத்தைப் பள்ளத்தில் உட்கார வைத்துக் கிளாம்பால் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து இரண்டு பக்கமும் சமமாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். கடைசிக் கால்வாசிக்குத்தான் லிவர் தேவைப்படும். சைக்கிள் டயர் லிவர் போதும். ஸ்க்ரூடிரைவர் முனை ரப்பரின் உதட்டைக் கிழித்துவிடும். கிரீஸ், ஆயில் இரண்டும் வேண்டாம். ஆயில் பல வகை ரப்பரை உப்ப வைக்கும், டயரும் சக்கரத்தின் மேல் வழுக்கும்.

*

மேலே சொன்னதில் சோப்புத் தண்ணீர், பசை போடாதவர்களுக்கு மட்டும். பசை போடுவதாக இருந்தால் சோப்பு பக்கத்திலேயே வரக்கூடாது. வெந்நீரில் இளக்கி, துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள்.

பசை வாங்கும் முன் சக்கரத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக்கின் பெயர் அங்கே அச்சாகியிருக்கலாம். பாலிப்ரொப்பிலீன் (முக்கோணத்துக்குள் 5) அல்லது அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீன் (2) என்றால் சாதாரணப் பசை எதுவும் நிற்காது. காய்ந்ததும் மெழுகுத்தாள் போல உரிந்து வரும். அதற்கென்று பிரைமரோடு (பசைக்கு முன் பூசும் திரவம்) வரும் பசைதான் வேண்டும். மற்ற பிளாஸ்டிக்குகளுக்குப் பாலியூரித்தேன் பசை நல்லது, காய்ந்த பிறகும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். உடனே ஒட்டும் சூப்பர் பசை கடினமாகிவிடுவதால், சக்கரம் கல்லில் ஏறி இறங்கும் அதிர்ச்சியில் விரிசல் விடும். ஒட்டும் பரப்பு இரண்டையும் 80 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். பசை தடவி மாட்டியதும் சுற்றிலும் கயிறு கட்டி ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள்.

நீண்டுபோன ரப்பருக்குப் பசையைவிட ஸ்க்ரூவே என் தேர்வு. டயரின் பூ மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில், சம இடைவெளியில் நான்கு முதல் ஆறு தட்டைத்தலை ஸ்க்ரூக்கள். சிறிய துளை போட்டுவிட்டு, தலை ரப்பர் மட்டத்துக்குக் கீழே போகும்வரை இறுக்குங்கள். ரப்பரை அறுத்துக்கொண்டு உள்ளே போகும் அளவுக்கு வேண்டாம். நீளத்தில் கவனம் தேவை. தானாக நகரும் வண்டியில் டிரைவ் சக்கரத்தின் உள்பக்கம் பல் வளையம் இருக்கும்; ஸ்க்ரூ நுனி அங்கே எட்டிப் பார்த்தால், அந்த வளையத்தைச் சுழற்றும் பினியன் என்ற சிறு பல்சக்கரத்தின் பல் உடையும். புல் வெட்டப் போகும் முன் ஒவ்வொரு முறையும் ஸ்க்ரூக்களைத் தொட்டுப் பாருங்கள். கழன்று விழுந்த ஸ்க்ரூ பிளேடில் அடிபட்டால் அது எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

*

உட்கார்ந்து ஓட்டும் வண்டியின் கதை வேறு. அங்கே ட்யூப்லெஸ் டயர். காற்று குறைந்த நிலையில் சரிவில் குறுக்காக ஓட்டினாலோ சட்டென்று திருப்பினாலோ, டயரின் பீட் (ரிம்மில் உட்காரும் தடித்த உள்விளிம்பு) ரிம்மை விட்டு விலகும். டயர் கெட்டுப்போகவில்லை, இடம் பெயர்ந்திருக்கிறது. புது டயர் வாங்க ஓடாதீர்கள்.

சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு அடை கொடுத்து, ஜாக்கை ஆக்ஸிலுக்கோ சேஸிஸுக்கோ கீழே வையுங்கள். பிளேடை மூடியிருக்கும் டெக்குக்குக் கீழே வைத்தால் தகடு நெளியும். ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுங்கள். பல வண்டிகளில் சக்கரம் ஆக்ஸில் முனையில் ஒரு கிளிப்பால் நிற்கும். பின் சக்கரமானால் கூடவே, ஆக்ஸிலோடு சக்கரத்தையும் சேர்த்துச் சுழல வைக்கும் சாவிக்கட்டை என்ற சிறு உலோகத் துண்டும் இருக்கும். அது கீழே விழுந்து தொலையும் முன் எடுத்து வையுங்கள்.

பீட் உட்காரும் விளிம்பில்தான் உண்மையான வேலை. துரு, பழைய சீலன்ட் பிசுக்கு, மண் எல்லாவற்றையும் கம்பி பிரஷால் தேய்த்து, விரலுக்கு வழுவழுப்பாகத் தெரியும்வரை விடாதீர்கள். இங்கே சோம்பல்பட்டால் டயர் ஏறிவிடும், ஆனால் காலையில் பார்த்தால் காற்று இருக்காது. சுத்தம் செய்ததும் இரண்டு பீடுக்கும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள்.

வால்வு கோரை (வால்வுக்குள் திருகியிருக்கும் சிறு ஊசி) கழற்றிவிடுங்கள், காற்று வேகமாக உள்ளே போகும். டயரின் நடு வட்டத்தில் ராட்செட் பெல்ட்டைச் சுற்றி இறுக்கினால் நடுப்பகுதி அமுங்கி, பீட் இரண்டும் வெளிப்பக்கம் தள்ளும். அப்போது கம்ப்ரஸர் காற்றைக் கொடுங்கள். பீட் ரிம்மைப் பிடித்து, டயர் உப்ப ஆரம்பித்த உடனே பெல்ட்டைத் தளர்த்தி எடுத்துவிட வேண்டும். அழுத்தம் ஏறிய பிறகு இறுக்கத்தில் இருக்கும் பெல்ட் அபாயம். ஒவ்வொரு பக்கமும் உட்காரும்போது 'டப்' என்று கேட்கும். பீட் அருகே டயரில் ஒரு மெல்லிய கோடு ஓடும். ரிம்முக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே மாதிரி இருந்தால்தான் சரியாக உட்கார்ந்திருக்கிறது.

டயரின் பக்கச் சுவரில் அச்சிட்ட உச்ச அழுத்தத்தைத் தாண்டவே கூடாது. அதற்குள் உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி, மறுபடி சோப்பு தடவித் தொடங்குங்கள். காற்றடிக்கும்போது டயருக்கு மேலே குனிந்து நிற்காதீர்கள். எரியும் ஸ்ப்ரேயை உள்ளே அடித்துத் தீ வைத்து 'டப்' என்று ஏற்றும் வித்தையைக் காணொளிகளில் காட்டுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். டயர் வெடித்தால் கையும் முகமும் போகும்.

உட்கார்ந்த பிறகு கோரைத் திருகி, கையேட்டில் சொன்ன அளவுக்குக் காற்றை வையுங்கள். பெரும்பாலும் 10 முதல் 14 பி.எஸ்.ஐ. தான் வரும். கார் டயர் நினைப்பில் 30 வைத்தால் வண்டி குதிக்கும், புல்தரையில் தடம் விழும். வலமும் இடமும் ஒரே அழுத்தம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டெக் சாய்ந்து, புல் ஒரு பக்கம் மொட்டையாகவும் மறுபக்கம் உயரமாகவும் வெட்டுப்படும்.

*

ரிம் துருவால் அரித்துக் குழி விழுந்திருந்தால் பீட் எவ்வளவு உட்கார்ந்தாலும் காற்று கசியும். அப்போது ட்யூப் போடுவதே வழி. டயரின் பக்கச் சுவரில் உள்ள அளவையே பாருங்கள்: 15×6.00-6 என்றால் ட்யூபும் அதே அளவு. பழைய வால்வைப் பிடுங்கிவிட்டு, டயருக்குள் முள்ளோ கம்பியோ இருக்கிறதா என்று துணியால் தடவிப் பார்த்து, டால்கம் பவுடர் தூவி, ட்யூபில் கொஞ்சமே காற்று வைத்து உள்ளே நுழைத்துவிடுங்கள். காற்றே இல்லாமல் நுழைத்தால் ட்யூப் மடிந்து, லிவருக்கும் ரிம்முக்கும் நடுவே சிக்கும்.

*

தானாக நகரும் வண்டியில் சக்கரத்தோடு பினியனும் கழன்று வந்திருந்தால், வலது எது இடது எது என்று அப்போதே குறித்துவிடுங்க. மாற்றிப் போட்டால் டிரைவ் லிவரை எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் இழுக்காது. பெல்ட் போய்விட்டது என்று நினைத்து வண்டி முழுக்கப் பிரிப்பீங்க.