பந்து மாமாவும் மஞ்சள் கனெக்டரும்: ஏர்பேக் விளக்கு எரிந்த கதைகள்

வண்டியூர் வழிப்போக்கன்:

அழகர்கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பின் சீட்டிலிருந்த என் மகள்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, ஒரு மாமா வயிற்றுக்கு முன்னால் பந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சிவப்பாக!" டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு. வண்டியை ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி அணைத்து மறுபடி போட்டேன். மாமா போகவில்லை. அடுத்த பள்ளத்தில் பலூன் முகத்தில் வெடித்துவிடுமோ என்ற பயத்தில் சர்வேயர் காலனி வரை சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு ஓட்டினேன். பழுது என்றால் வெடிக்காமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

மறுநாள் வழக்கமான பட்டறையில், பழுதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரைச் செருகினார்கள். ஓட்டுநர் பக்க சீட் பெல்ட் ப்ரீடென்ஷனர் (மோதும்போது பெல்ட்டை இறுக்கி இழுக்கும் பாகம்), மின்தடை அதிகம் என்று வந்தது. பெல்ட் சுருளை முழுதாக மாற்ற வேண்டும், கூலியோடு 14,000 ரூபாய் ஆகும் என்றார்கள். "உயிர்ச் சமாச்சாரம் சார்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்தார்கள். அதற்குமேல் எப்படிப் பேரம் பேசுவது? சரி என்று சொல்லவிருந்தேன். மைத்துனர்தான் தடுத்து, காளவாசல் பக்கம் வயரிங் வேலை மட்டும் பார்க்கும் ஒருவரிடம் அழைத்துப் போனார்.

அவர் ஸ்கேனரைத் தொடுவதற்கு முன்பே, "சமீபத்தில் சீட்டில் யாராவது கை வைத்தார்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பங்குனியில் சீட் கவர் மாற்றினோமே" என்றாள் என் மனைவி. அவர் சிரித்துக்கொண்டார்.

பிறகு ஸ்கேனரை மாட்டி, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்த வரியில் 'பக்கிள்' என்றும் ஒரு சொல் இருந்தது, அதாவது சீட்டின் ஓரத்தில் பெல்ட்டைச் செருகிப் பூட்டும் பாகம். என் வண்டியில் பெல்ட் சுருளுக்குள் ஒரு ப்ரீடென்ஷனரும், பக்கிளுக்கு அடியில் இன்னொன்றும் இருக்கின்றன. பழுது பக்கிள் பக்கத்தில். முதல் பட்டறையில் மாற்றச் சொன்னது சுருளை! 14,000 கொடுத்த பிறகும் மாமா பந்தோடு அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, "வாருங்கள், டீ குடித்துவிட்டு வருவோம்" என்றார். ஏர்பேக் கணினிக்குள் இருக்கும் கெபாசிட்டர்களில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்குமாம். ஒன்றரை நிமிடம் போதும் என்று சில கம்பெனிகள் சொல்கின்றன, மூன்று நிமிடம் என்று சில. அவர் கணக்கு ஒரு டீ.

சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் மஞ்சள் கனெக்டர். ஏர்பேக், ப்ரீடென்ஷனர் சம்பந்தப்பட்ட கனெக்டர்கள் பெரும்பாலும் மஞ்சளில்தான் இருக்கும். அதைக் கழற்றி, பக்கிளுக்குப் பதிலாக, அதே அளவு மின்தடை காட்டும் 2 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வயரிங் பக்கம் செருகி, பேட்டரியை இணைத்துப் பழுதை அழித்தார். திரும்ப வரவில்லை. அதாவது கணினியும் அங்கிருந்து சீட் வரை வரும் ஒயரும் நல்ல நிலையில் இருக்கின்றன. "அப்படியென்றால் பக்கிள்தான் போய்விட்டதா?" என்று கேட்டேன். "பொறுங்கள்" என்று சொல்லிவிட்டு, மறுபடி பேட்டரியைக் கழற்றினார், மறுபடி ஒரு டீ. பக்கிள் பக்கத்துக் கனெக்டரைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இரண்டு பின்களில் ஒன்று உள்ளே பின்வாங்கியிருந்தது. சீட் கவரின் எலாஸ்டிக் கொக்கியை அந்த ஒயரிலேயே மாட்டி இழுத்திருக்கிறார்கள். நான் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்திய ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போயிருக்கிறது.

'கிளிக்' என்று சத்தம் வரும்வரை பின்னைத் தள்ளி உட்காரவைத்தார். பூட்டை அழுத்தினார். முதல்முறை இக்னிஷனைப் போடும்போது வண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது என்று எங்களை வெளியே நிற்கவைத்து, கையை மட்டும் நீட்டிச் சாவியைத் திருப்பினார். விளக்கு சில நொடிகள் எரிந்து அணைந்தது. கப்பலூர் சுங்கச்சாவடி வரை போய்த் திரும்பினோம், எல்லா வேகத்தடையிலும் வேண்டுமென்றே ஏறி இறங்கினோம். மாமா வரவில்லை. கூலி 800 ரூபாய், இரண்டு டீ அவர் கணக்கில்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

செல்லூர் நனைந்தவன்:

எனக்குக் கனெக்டரோடு முடியவில்லை அண்ணே. 2024 அக்டோபர் மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் புகுந்தபோது வண்டி கதவின் அடிப்பகுதி வரை நனைந்தது. இன்ஜின் அன்றே ஸ்டார்ட் ஆனதால் தப்பித்தோம் என்று நினைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து விளக்கு எரிந்தது. ஒரு நாள் இடதுபக்க ப்ரீடென்ஷனர் என்று காட்டும், இன்னொரு நாள் வலது. மேலே கை வைத்தால் காய்ந்திருந்த கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் இருந்த பஞ்சு ஊறிப்போய்க் கிடந்தது. கனெக்டர்களுக்குள் பச்சைக் களிம்பு. என் வண்டியில் ஏர்பேக் கணினியே கியர் லீவருக்கு அடியில், தரையோடு தரையாக இருக்கிறது. நல்லவேளை, அதற்குள் தண்ணீர் போகவில்லை. சீட்டையெல்லாம் கழற்றி மொட்டைமாடியில் வைத்து, கார்பெட்டை நான்கு நாள் காயவைத்து, இரண்டு கனெக்டர்களை மாற்றிய பிறகுதான் அடங்கியது. தண்ணீரில் நின்ற வண்டியை வைத்திருப்பவர்கள் கார்பெட்டைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

திருமங்கலம் டிரைவர்:

எதற்கு இவ்வளவு பாடு? என் வண்டியில் இரண்டு வருடமாக அந்த விளக்கு எரிகிறது. தூத்துக்குடி, கம்பம், கொடைக்கானல் எல்லாம் போய் வருகிறேன். பெல்ட் போடாவிட்டால்தான் போலீஸ் 1000 ரூபாய் போடுகிறது. விளக்கு எரிகிறதென்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

காளவாசல் ஸ்பேனர்:

(முதல் பதிவில் வரும் ஆள் நானில்லை. எங்கள் பக்கம் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை.)

திருமங்கலத்து அண்ணே, உங்கள் பெல்ட் திடீரென்று இழுத்தால் இன்னும் பூட்டிக்கொள்ளும். அது தனி வேலை, அதற்கு மின்சாரம் வேண்டாம். ஆனால் உடம்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இருக்கும் தளர்ச்சியை இழுத்து எடுப்பது ப்ரீடென்ஷனர். உள்ளே பட்டாசு மாதிரி ஒரு சின்ன மருந்துக் குப்பி. மோதல் தெரிந்ததும் கணினி மின்சாரம் அனுப்பும், மருந்து பற்றும், அந்த வாயு அழுத்தத்தில் சுருள் பின்னோக்கிச் சுற்றும். நீங்கள் ஒருமுறை கண் இமைத்து முடிப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடும். நீங்கள் முன்னால் சரிவதற்கு முன்பே பெல்ட் உங்களைச் சீட்டோடு பிடித்துவைத்தால்தான், ஏர்பேக் விரியும்போது நீங்கள் சரியான தூரத்தில் இருப்பீர்கள். 1981இல் பென்ஸ் எஸ் கிளாஸ் காரில் ஏர்பேக்கும் இதுவும் ஜோடியாக வந்ததற்குக் காரணம் அதுதான். விளக்கு எரிகிறபோது இவற்றில் எது வேலை செய்யும், எது செய்யாது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. கொடைக்கானல் மலைப்பாதையில் போகிற வண்டி அண்ணே.

வீட்டில் மல்டிமீட்டர் வைத்திருக்கும் தம்பிகளுக்கு: ப்ரீடென்ஷனரை மீட்டர் வைத்து அளக்காதீர்கள். அதற்குள் இருப்பது சுமார் 2 ஓம் உள்ள ஒரு தீமூட்டி. மீட்டரும் மின்சாரம் அனுப்பித்தான் அளக்கிறது. பயிற்சிக் காலத்தில் ஒரு பழைய பெல்ட்டை வெட்டவெளியில் கட்டிவைத்து, தூரத்திலிருந்து வெடிக்கவைத்துக் காட்டினார்கள். தீபாவளி அணுகுண்டு மாதிரி ஒரு சத்தம், புகை. மடியில் வைத்துக்கொண்டு அளக்கிற பொருள் இல்லை அது.

பலரைக் குழப்பும் இன்னொரு விஷயம் உண்டு. இந்தக் கனெக்டர்களுக்குள் ஒரு சின்னத் தகடு இருக்கும். கழற்றியதும் அது இரண்டு பின்களையும் தானாகவே ஒன்றோடொன்று சேர்த்துவிடும், தப்பித்தவறி வெடிக்காமல் இருப்பதற்காக. முழுதாகச் செருகினால்தான் தகடு விலகும். ஆகவே கனெக்டர் பாதி உட்கார்ந்திருந்தால் 'மின்தடை குறைவு' என்றுகூடப் பழுது வரலாம். பாகத்தை மாற்றச் சொல்லும் முன் கனெக்டரைக் கழற்றிச் சரியாக மாட்டிப் பார்த்தாலே பாதி வண்டிகள் என் பட்டறையிலிருந்து கிளம்பிவிடுகின்றன. வருமானத்துக்கு நல்லதில்லைதான்.

உசிலம்பட்டி விவசாயி:

எனக்கு எலி. கார்பெட்டுக்கு அடியில் மஞ்சள் குழாயைக் கடித்து, உள்ளே முறுக்கியிருந்த இரண்டு ஒயர்களில் ஒன்றைத் தோலுரித்து வைத்திருந்தது. அது பாடியில் பட்டுக்கொண்டிருந்தது. புகையிலை வைத்தால் எலி வராது என்றார்கள். வைத்தேன். புகையிலைக்குப் பக்கத்திலேயே கூடு கட்டியிருந்தது.

மேலூர் ஏமாளி:

நான் விளக்கு எரியாத கதையைச் சொல்கிறேன்.

ஐந்து வருடம் ஓடிய வண்டியை ஒரு இடைத்தரகர் மூலம் வாங்கினேன். விளக்கெல்லாம் சரியாக எரிந்து சரியாக அணைந்தது. ஒரேயொரு விஷயம்தான் உறுத்தியது. ஓட்டுநர் பக்க பக்கிள், இடதுபக்கத்தைவிட மூன்று விரற்கடை கீழே இறங்கியிருந்தது. பெல்ட் மாட்ட ஒவ்வொரு முறையும் கையால் துழாவ வேண்டும். முன்பு ஓட்டியவர் கனத்த ஆள் போலிருக்கிறது, அமுங்கிவிட்டது என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். பக்கிளுக்குக் கீழே இருக்கும் ரப்பர் உறை மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்ததையும் பார்த்தேன். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்!

ஒருநாள் குழந்தை பால் கொட்டியதால் சீட்டைக் கழற்றிக் கழுவக் கொடுத்தேன். கழுவிய பையன் என்னைக் கூப்பிட்டு மஞ்சள் கனெக்டரைக் காட்டினான். பக்கிளுக்குப் போகும் ஒயர் அதில் இல்லை. அதற்குப் பதிலாகக் கறுப்பு டேப் சுற்றிய ஒரு ரெசிஸ்டர். வண்டி எங்கேயோ மோதி அந்தப் பக்கிள் ஏற்கெனவே வெடித்து முடிந்திருக்கிறது. வெடிக்கும்போது கீழே இழுத்ததுதான் அந்த மூன்று விரற்கடை. புதிது வாங்காமல், கணினியை ஏமாற்ற இரண்டு ரூபாய்ப் பொருளைச் சொருகி என் தலையில் கட்டிவிட்டார்கள். வண்டியூர் அண்ணனின் மெக்கானிக் ஐந்து நிமிடம் சோதனைக்கு வைத்த அதே ரெசிஸ்டரை வைத்துக்கொண்டு, என் குடும்பம் எட்டு மாதம் ஊர் ஊராகப் போயிருக்கிறது.

தரகரைக் கேட்டேன். "எனக்கே அப்படித்தான் வந்தது" என்றார்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இரண்டு பக்கிள்களின் உயரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். எரியவே இல்லையென்றால் பல்பையே பிடுங்கியிருக்கலாம்.

வண்டியூர் வழிப்போக்கன்:

மேலூர்த் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு இரவு பத்து மணிக்கு டார்ச்சோடு கீழே இறங்கினேன். இரண்டு பக்கிளும் ஒரே உயரம்தான். மனைவி பால்கனியிலிருந்து, "என்ன தொலைந்தது?" என்று கேட்டாள்.

நேற்று அந்த சீட் கவர் கடைக்கும் போனேன். சண்டை போடும் எண்ணம் இல்லை, சொல்லிவிட்டு வரலாம் என்றுதான். கடைப் பையன் நன்றாகவே ஞாபகம் வைத்திருந்தான். "அந்த மஞ்சள் ஒயரா சார்? ரொம்ப உறுதியாக இருந்தது, கொக்கி மாட்ட அதைவிட நல்ல இடம் கிடைக்கவில்லை" என்றான்.