கிருஷ்ணகிரிக்கு ரயில் இருந்ததே இல்லையா? யார் சொன்னது?

பழையபேட்டைக்காரன்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. பெங்களூரு புறநகர் ரயிலை ஓசூர் வரை நீட்டினால் போதுமாம். "கிருஷ்ணகிரிக்கு எந்தக் காலத்திலும் ரயில் இருந்ததில்லை, தண்டவாளமே பார்க்காத ஊருக்கு எதை நீட்டுவது?" என்று கேள்வி வேறு. எழுதியவர் தேர்ப்பேட்டை என்ற பெயரில் வருகிற ஓசூர்க்காரர்.

ஐயா, 1905லேயே திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ரயில் ஓடியது. சுமார் 40 கிலோமீட்டர். பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவர வழி வேண்டும் என்று வெள்ளைக்காரன் போட்ட பாதை. சுதந்திரத்துக்கு முன்பே அதை மூடிவிட்டார்கள். 2004ல் தனி மாவட்டம் ஆனோம். இன்றுவரை மாவட்டத் தலைநகருக்கு ஒரு ஸ்டேஷன் கிடையாது. "இருந்ததே இல்லை" என்பதை முதலில் திரும்பப் பெறுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

தேர்ப்பேட்டை:
எழுதியது நான்தான், ஒளிந்துகொள்ளவில்லை. நீங்கள் சொல்வது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ரெண்டரை அடி மட்டும் அகலம் உள்ள பாதை. இன்று நாட்டில் பெரும்பாலும் இருப்பது ஐந்தரை அடிப் பாதை. அந்தக் குட்டி வண்டியை ரயில் கணக்கில் சேர்த்தால் பொருட்காட்சியில் ஓடுவதையும் சேர்க்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரு புறநகர் ரயில் திட்டம் மொத்தம் 148 கிலோமீட்டர், நான்கு வழித்தடம். அதில் கனகா என்று பெயர் வைத்த தடம் ஹீலலிகெயிலிருந்து ராஜானுகுண்டே போகிறது. ஹீலலிகெயிலிருந்து ஆனேக்கல் ரோடு தாண்டினால் ஓசூர். பையப்பனஹள்ளி முதல் ஓசூர் வரை 48 கிலோமீட்டருக்கு இரட்டைப் பாதை வேலை நடக்கிறது. ஆக, கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது ஓசூர். தினமும் அத்திப்பள்ளி எல்லையில் நின்று நின்று போகிற ஜனம் எவ்வளவு என்று ஒருநாள் வந்து பாருங்கள். முதலில் இதை வாங்குவோம்.

பழையபேட்டைக்காரன்:
பொருட்காட்சி ரயிலா? கால்கா–சிம்லா பாதை என்ன அகலம் தெரியுமா? 762 மில்லிமீட்டர். அதாவது நீங்கள் கேலி செய்கிற அதே ரெண்டரை அடி. 2008ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. டார்ஜிலிங் பாதை அதைவிடக் குறுகல், வெறும் ரெண்டு அடி. அதுவும் பாரம்பரியச் சின்னம். சிம்லாவில் ஓடினால் ரயில், கிருஷ்ணகிரியில் ஓடினால் பொருட்காட்சியா?

இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். 1906ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குப் பாதை போட்டார்கள். 1913ல் அதை ஓசூர் வரை நீட்டினார்கள். அதுவும் ரெண்டரை அடிதான். உங்கள் ஊருக்கு முதன்முதலில் வந்ததே அந்தக் குட்டி வண்டிதான் ஐயா.

அதியமான்கோட்டை:
இரண்டு பேரும் 1905ஐயும் 1913ஐயும் பிடித்துக்கொண்டு இருங்கள். நான் தர்மபுரிக்காரன், இன்றைக்குப் பேசுகிறேன். எங்கள் ஊரில் ஐந்தரை அடிப் பாதை இருக்கிறது, மின்கம்பி இருக்கிறது, பிளாட்பாரம் இருக்கிறது. ஓசூரிலிருந்து கெலமங்கலம், ராயக்கோட்டை, மாரண்டஹள்ளி, பாலக்கோடு, தர்மபுரி என்று எல்லாம் ஒரே கோட்டில் கிடக்கின்றன. புதிதாக ஒரு ஜல்லி கொட்ட வேண்டாம். வண்டியை மட்டும் நீட்டினால் போதும். பாலக்கோட்டுப் பிள்ளைகள் பெங்களூரு வேலைக்குப் போக ஓசூரில் வாடகை கொடுத்து ஏன் இருக்க வேண்டும்?

தேர்ப்பேட்டை:
அண்ணா, ஓசூருக்குத் தெற்கே ஒற்றைப் பாதை. எதிரே ஒரு எக்ஸ்பிரஸ் வந்தால் உங்கள் வண்டி ராயக்கோட்டையில் படுத்துக்கொள்ளும். அதற்குப் பெயர் புறநகர் ரயில் இல்லை. தவிர அது மலைப்பாதை. 2021 நவம்பரில் கண்ணூர்–யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் மேல் பாறை விழுந்து பெட்டிகள் தடம் புரண்டது மறந்துபோயிற்றா?

அதியமான்கோட்டை:
தம்பி, அது நடந்தது தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவே. அதாவது தர்மபுரிக்குத் தெற்கே, சேலம் போகிற வழி. தர்மபுரியிலிருந்து பெங்களூரு போகிற வண்டி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எங்கள் ரயிலை நிறுத்த வந்துவிட்டீர்கள்.

பழையபேட்டைக்காரன்:
இதுதான் ஓசூர்க்காரர்களோடு தொல்லை. கிருஷ்ணகிரி வரலாறும் தெரியாது, தர்மபுரி வரைபடமும் தெரியாது. இன்னும் அந்த "இருந்ததே இல்லை" அப்படியே கிடக்கிறது, கவனித்தீர்களா?

மொரப்பூர் பிளாட்பாரம்:
எங்கள் ஊர் பெயர் அடிபட்டதால் வந்தேன். மொரப்பூர்–தர்மபுரி, 36 கிலோமீட்டர். வெள்ளைக்காரன் காலத்தில் இருந்த இணைப்பு. அதைத் திரும்பப் போட 2019ல் அடிக்கல் நாட்டினார்கள். ரயில் இன்னும் ஓடவில்லை. தர்மபுரியிலிருந்து சென்னைக்கு ரயிலேற வேண்டுமென்றால் இன்றும் ஜனம் பஸ் பிடித்து மொரப்பூர்தான் வருகிறது. முதலில் இந்த 36 கிலோமீட்டரைக் கேளுங்கள். பெங்களூரு எங்கேயும் ஓடிப்போகாது.

அதியமான்கோட்டை:
மொரப்பூர் பாதை வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? அதற்காக நாற்பது வருஷம் கேட்டவர்கள் நாங்கள். ஆனால் அது சென்னைக்கு. இங்கே பேச்சு பெங்களூருக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

சாமல்பட்டி அக்கா:
மாவட்டத்துக்கே ரயில் இல்லாத மாதிரி பேசுகிறீர்களே, சாமல்பட்டி எந்த மாவட்டத்தில் இருக்கிறது? கிருஷ்ணகிரியில்தான். ஜோலார்பேட்டை–சேலம் பாதையில் எங்கள் ஸ்டேஷன் இருக்கிறது. பெரும்பாலான எக்ஸ்பிரஸ் வண்டிகள் நிற்காமலே போகின்றன, அது வேறு வருத்தம். ஆனால் இல்லவே இல்லை என்று சொல்லாதீர்கள்.

பழையபேட்டைக்காரன்:
அக்கா, நான் சொன்னது தலைநகருக்கு. முதல் பதிவைத் திரும்பப் படியுங்கள். ஊத்தங்கரை வட்டத்தில் ஸ்டேஷன் இருப்பதால் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவனுக்கு என்ன லாபம்? கலெக்டர் ஆபீஸ் இங்கே, கோர்ட் இங்கே, மாங்கூழ் ஆலைகள் இங்கே. சென்னை ரோடும் பெங்களூரு ரோடும் சேலம் ரோடும் இங்கேதான் கூடுகின்றன. ரயில் மட்டும் ராயக்கோட்டையில்.

என் மகள் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்கிறாள். ஞாயிறு ராத்திரி வீட்டில் தங்கினால் திங்கள் விடிகாலை நாலு மணிக்கு எழுப்பி பஸ் ஸ்டாண்டில் விட வேண்டும். இரண்டு வருஷமாக இதே கதை. பனிக்காலத்தில் சூளகிரி தாண்டும்வரை எனக்கு உயிர் கையில் இருக்காது, போன் வந்த பிறகுதான் டீ குடிப்பேன். ரயிலுக்கு எங்கே போவாள்? ராயக்கோட்டைக்குப் போக முப்பது கிலோமீட்டருக்குக் கிட்ட. குப்பம் போனாலும் அதே தூரம்தான், அது ஆந்திரா. அடுத்த மாநிலத்துக்குப் போய் ரயிலேறு என்று பெண்ணிடம் சொல்லவா? இந்த நிலைமையில் இருக்கிறவனிடம் வந்து "உன் ஊருக்கு ரயில் இருந்ததே இல்லை" என்றால் கோபம் வராதா?

தேர்ப்பேட்டை:
உங்கள் மகள் கஷ்டம் புரிகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரெண்டரை அடி ரெண்டரை அடிதான்.

காவேரிப்பட்டணம் மாமரம்:
பெங்களூரு மெட்ரோவே ஓசூருக்கு வரப்போகிறது, இதற்கு எதற்கு அடித்துக்கொள்கிறீர்கள்? பொம்மசந்திராவரை 2025 ஆகஸ்டில் மஞ்சள் தடம் திறந்தாயிற்று. அங்கிருந்து ஓசூர் இருபது கிலோமீட்டர் சொச்சம்.

தேர்ப்பேட்டை:
வரப்போகிறது என்றுதான் நாங்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். பெங்களூரு மெட்ரோவுக்கு 750 வோல்ட் மின்சாரம், தண்டவாளத்தின் பக்கத்திலேயே ஓடுகிற மூன்றாவது கம்பியில் வருகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் திட்டம் போட்டது சென்னை மாதிரி 25,000 வோல்ட், மேலே கம்பி. இரண்டையும் ஒன்றோடொன்று இணைக்க முடியாது என்கிறது பெங்களூரு மெட்ரோ. அதனால்தான் புறநகர் ரயிலைப் பிடிக்கச் சொல்கிறேன். அது மெமு, அதாவது இப்போது ஓடும் குறுந்தூர மின்சார ரயில், ஓடுகிற அதே ஐந்தரை அடி, அதே மேல் கம்பி.

பழையபேட்டைக்காரன்:
மறுபடியும் ஐந்தரை அடி. உங்களுக்கு அடி அளப்பதைத் தவிர வேறு வேலை இல்லையா?

புதுப் பயணி:
மன்னிக்கவும், ஒரு சந்தேகம். புறநகர் ரயில் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? இப்போது ஓடும் மெமுவைக் கூட்டுவதா, பெங்களூரு புறநகர் ரயில் திட்டத்தை நடத்தும் கே-ரைடு நிறுவனம் போடுகிற தனிப் பாதையா? பெங்களூரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் வரை புறநகர்? அதைத் தீர்மானித்துவிட்டுப் பேசினால் நல்லது இல்லையா?

அதியமான்கோட்டை:
எதுவாக இருந்தாலும் தர்மபுரி வரை வர வேண்டும். ஸ்டேஷன் எங்கள் ஊரில், நிர்வாகம் பெங்களூரு கோட்டத்தில். தென்மேற்கு ரயில்வேக்கு நாங்கள் கடைசிப் பெஞ்சுப் பிள்ளை. தெற்கு ரயில்வேயோ எங்களைத் தன் பிள்ளை என்றே சொல்வதில்லை. மொரப்பூர் சேலம் கோட்டம், தர்மபுரி பெங்களூரு கோட்டம். ஒரே மாவட்டம், இரண்டு மாமியார் வீடு.

மொரப்பூர் பிளாட்பாரம்:
அதனால்தான் சொல்கிறேன், 36 கிலோமீட்டர்.

தேர்ப்பேட்டை:
தர்மபுரி அண்ணனுக்கு ஒன்று. புறநகர் ரயிலைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு நீட்டலாமா என்று கர்நாடகம் கேட்டபோது தென்மேற்கு ரயில்வே ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பட்டியலில் ஓசூரும் இருந்தது, மைசூரு, துமகூரும் இருந்தன. நாற்பது கிலோமீட்டரில் இருக்கிற எங்களுக்கே இந்தக் கதி. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற உங்களையும் சேர்த்துக் கேட்டால் எங்களுக்கும் கிடைக்காமல் போகும்.

அதியமான்கோட்டை:
ஆக மனசில் இருப்பது வெளியே வந்துவிட்டது. நாங்கள் வந்தால் உங்கள் பங்கு குறையும். 2004க்கு முன் எல்லாம் ஒரே தர்மபுரி மாவட்டம்தான் தம்பி. ஓசூருக்குத் தொழிற்பேட்டை வந்தது அப்போதுதான். அப்போது நாங்கள் "எங்களுக்குக் குறையும்" என்று சொல்லவில்லை.

பழையபேட்டைக்காரன்:
தர்மபுரி அண்ணனும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். "இருக்கிற பாதையில் நீட்டு" என்று மட்டும் கேட்டால் கிருஷ்ணகிரி நிரந்தரமாக வெளியே. ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் புதுப்பாதை என்று சர்வே மேல் சர்வே எடுத்துவிட்டார்கள். சங்கிலி பிடித்து அளந்தவர்களுக்கு எங்கள் ஊர் ஆட்கள் இளநீர் வெட்டிக் கொடுத்ததுதான் மிச்சம். அந்தப் பாதை வந்தால் சென்னைக்கும் வழி, பெங்களூருக்கும் வழி. கேட்கும்போது மூன்று ஊரும் சேர்ந்து கேட்க வேண்டும். ஓசூர் தனக்கு, தர்மபுரி தனக்கு என்று கேட்டால் கிருஷ்ணகிரிக்கு யார் கேட்பது?

அதியமான்கோட்டை:
நீங்கள்தான் தனி மாவட்டம் வேண்டும் என்று போனீர்கள். கேட்பதையும் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் புதுப்பாதைக்கு நிலம் எடுத்து, ஜல்லி கொட்டி முடிப்பதற்குள் என் பேரன் ரிட்டயர் ஆகிவிடுவான். அதுவரை பாலக்கோடு ஸ்டேஷனில் நிற்கிறவன் காத்திருக்க முடியாது.

பழையபேட்டைக்காரன்:
மாவட்டம் பிரித்தது நான் இல்லை அண்ணா. உங்கள் ஊர் தக்காளி லாரிகள் எல்லாம் எங்கள் சுங்கச்சாவடி வழியாகத்தானே பெங்களூரு போகின்றன, அப்போது மட்டும் நாங்கள் வேண்டுமா?

அதியமான்கோட்டை:
பாலக்கோட்டுத் தக்காளி ராயக்கோட்டை வழியாகவும் போகும். உங்கள் ஊருக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று இல்லை.

சாமல்பட்டி அக்கா:
தக்காளிக்கு வந்துவிட்டீர்கள். நல்லது. எங்கள் ஊரில் ஒரு எக்ஸ்பிரஸாவது நிற்கட்டும் என்று யாராவது ஒரு வரி எழுதினீர்களா?

புதுப் பயணி:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

தேர்ப்பேட்டை:
நான் முதலில் சொன்னதிலேயே நிற்கிறேன். ஓசூர் முதலில். கிருஷ்ணகிரிக்கு ஐந்தரை அடி வந்த பிறகு நீட்டுவதைப் பற்றிப் பேசுவோம்.

பழையபேட்டைக்காரன்:
"எந்தக் காலத்திலும் ரயில் இருந்ததில்லை." இது நீங்கள் எழுதியது. அகலம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நான் 1905 என்று காட்டிய பிறகுதான் அடிக்கோலை எடுத்தீர்கள். கால்கா–சிம்லா 762 மில்லிமீட்டர். அது ரயிலா இல்லையா? ஆம் அல்லது இல்லை, ஒரே சொல்லில் பதில் போதும்.

தேர்ப்பேட்டை:
சிம்லா வண்டி இன்றும் ஓடுகிறது. உங்களுடையதைப் பிடுங்கி எத்தனையோ காலமாயிற்று.

பழையபேட்டைக்காரன்:
பிடுங்கியதைத்தான் திரும்பக் கேட்கிறோம். உங்களிடமிருந்து எடுத்துத் தரச் சொல்லவில்லை. கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ரயிலா, இல்லையா?

மொரப்பூர் பிளாட்பாரம்:
36 கிலோமீட்டர் பற்றி நாளைக்குத் தனியாக எழுதுகிறேன். அங்கே வந்து யாரும் ரெண்டரை அடி பேசாதீர்கள்.

பழையபேட்டைக்காரன்:
அங்கேயும் வருவேன். உங்கள் பழைய பாதையும் ரெண்டரை அடிதான்.