மறு: மைண்ட் ஸ்போர்ட் – ‘மதிவிளையாட்டு’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சதுரங்கம், பிரிட்ஜ் போலச் சிந்தனையால் வெல்லும் போட்டிகளை ஆங்கிலத்தில் மைண்ட் ஸ்போர்ட் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடப் போய், சதுரங்கம் உண்மையில் விளையாட்டுதானா என்ற வழக்கில் வந்து நிற்கிறோம். இரண்டையும் பிரிக்க முடியாது என்றே நினைக்கிறேன். நாம் வைக்கும் சொல்லே அந்த வழக்குக்குத் தீர்ப்பும் எழுதிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஸ்போர்ட், கேம் இரண்டையும் நாம் ‘விளையாட்டு’ என்றே சொல்லிவருகிறோம். ஓட்டப்பந்தயமும் விளையாட்டு, கண்ணாமூச்சியும் விளையாட்டு. ‘சதுரங்கம் ஒரு விளையாட்டா?’ என்று தமிழில் கேட்டால் கேள்வியே காணாமல் போகிறது. பின்னே என்னவாம் என்பார்கள். இதற்காக ஸ்போர்ட்டுக்குப் புதுச்சொல் படைக்க வேண்டும் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். வேண்டாம் என்பேன். விளையாட்டுத்துறை, விளையாட்டு வீரர், விளையாட்டரங்கம் எல்லாம் வேர்விட்டுவிட்டன. கேமுக்குத்தான் நம்மிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது: ஆட்டம். சீட்டாட்டம், பலகை ஆட்டம், கணினி ஆட்டம் என்று ஏற்கெனவே புழங்குகிறோம். ஒரு தனிப் போட்டியையும் ஆட்டம் என்கிறோமே என்றால், அது வாக்கியத்தில் தானாகத் தெளிந்துவிடும். ஆக, ஆட்டம் பொது. அதில் ஒழுங்கமைந்த போட்டியாக வளர்ந்தது விளையாட்டு. இப்படிப் பிரித்துக்கொண்டால், ‘சதுரங்கம் வெறும் ஆட்டமா, விளையாட்டும்கூடவா?’ என்று தமிழிலேயே தெளிவாகக் கேட்க முடியும்.

உடலால் ஆடுபவற்றுக்கு ‘மெய்விளையாட்டு’ என்றொரு பரிந்துரை வந்தது. காதுக்கு இனிமையான சொல். ஆனால் மெய் என்றால் உடல், மெய் என்றால் உண்மை. ஓட்டமும் நீச்சலும் மெய்விளையாட்டு என்று கலைச்சொல் பட்டியலில் ஏறிவிட்டால், சதுரங்கம் பொய்விளையாட்டு என்று யாரும் வாதிட வேண்டிய தேவையே இல்லை. சொல்லே வாதிட்டு முடித்துவிடும். இன்னும் முடிவாகாத ஒரு விவாதத்தில் ஒரு பக்கத்தைச் சொல்லுக்குள் ஒளித்து வைப்பது சரியில்லை. ‘உடல்விளையாட்டு’ போதும். அதில் சாய்வு எதுவும் இல்லை.

இனி வழக்குக்கு வருகிறேன். சதுரங்கத்துக்காகப் பேசுகிறவர்கள் பலரும் உடலைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். 2021-இல் துபாயில் சதுரங்க வீரர்கள் கார்ல்சனும் நெப்போம்னியாச்சியும் ஆடிய உலகப் பட்டப் போட்டியின் 6-ஆவது ஆட்டம் 136 நகர்த்தல்கள், ஏழே முக்கால் மணி நேரம். 1984-இல் தொடங்கிய கார்ப்போவ் - காஸ்பரோவ் உலகப் பட்டப் போட்டி ஐந்து மாதம் இழுத்து, 48 ஆட்டங்களுக்குப் பிறகு 1985 பிப்ரவரியில் முடிவில்லாமலே நிறுத்தப்பட்டது. அதற்குள் கார்ப்போவ் கண்கூடாக மெலிந்திருந்தார். இவை உண்மை. உடல் தாங்காமல் உயர்நிலைச் சதுரங்கம் ஆட முடியாது. முன்னணி வீரர்கள் உடற்பயிற்சியை விடாமல் செய்வதும் அதனால்தான். ஆனால் அங்கிருந்து தாவி, ஒரு நாள் ஆட்டத்தில் 6000 கலோரி எரிகிறது என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்களே, அதை நான் ஏற்க மாட்டேன். ஓய்வில் இருக்கும் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மூளைக்குப் போகிறது. கடுமையாகச் சிந்திப்பதால் அந்தப் பங்கு கூடுவது மிகக் கொஞ்சம். பதற்றத்தால் இதயம் வேகமாகத் துடிக்கும், பசி மந்தப்படும், தூக்கம் கெடும். எடை குறைவதற்கு அவையே போதுமான காரணங்கள். சதுரங்கத்துக்கு இந்த மாதிரி கடன் வாங்கிய கணக்கு எதற்கு?

எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதம் வேறு. குறி பார்த்துச் சுடுபவரும் அசையாமல்தான் நிற்கிறார். ஆனால் அவருடைய விரலும் மூச்சும்தான் புள்ளியைத் தீர்மானிக்கின்றன. வேறொருவர் கையை அவர் இரவல் வாங்க முடியாது. சதுரங்கத்தில் முடியும். காயை நகர்த்த இயலாதவருக்காக உதவியாளர் நகர்த்தலாம், விதியே இடம் கொடுக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு வாயால் நகர்த்தல்களைச் சொல்லி ஆடலாம். ஆட்டம் முழுவதையும் ஒரு தாளில் குறியீடாக எழுதிவைத்தால் ஒரு காயும் விட்டுப்போகாது. நூறு மீட்டர் ஓட்டத்தை அப்படி எழுதிவைக்க முடியாது. சில நிமிடங்களில் முடியும் மின்னல் வேக ஆட்டங்களில், நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும் என்ற விதி இருக்கிறது, அங்கே கை வேகத்துக்கும் பங்கு உண்டு என்பது சரி. அது ஓரத்தில் நடப்பது. சதுரங்கத்தில் வென்றது உடல்திறன் என்று யாரும் சொல்ல முடியாது. இதை மனமார ஒப்புக்கொள்ள வேண்டும். நம் சொல்லும் உடலை உள்ளே இழுக்கக் கூடாது.

அப்படியென்றால் விளையாட்டு என்ற தகுதி எங்கிருந்து வருகிறது? போட்டிதான் அடிப்படை. உலகெங்கும் ஒரே விதி, ஆண்டுக்கணக்கான பயிற்சி, நடுவர், தரவரிசை, தோற்றால் தோல்விதான் என்ற கண்டிப்பு. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1924-இல் பாரிஸில் தொடங்கியது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு அதை 1999-இல் அங்கீகரித்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்கின்போது ஆனந்தும் ஷிரோவும் காட்சி ஆட்டங்கள் ஆடினார்கள். பதக்கப் பட்டியலில் சதுரங்கம் இன்றுவரை ஏறவில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 2006 தோஹாவிலேயே ஏறிவிட்டது. ஊக்கமருந்துச் சோதனையும் உண்டு. அதைக் கேலி செய்கிறவர்கள், 2017-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம்: தூண்டுமருந்து உட்கொண்ட சதுரங்க வீரர்கள் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக யோசித்தார்கள்; நேரம் தீர்ந்து தோற்றவற்றைக் கழித்துப் பார்த்தால், ஆட்டத்தின் தரம் கூடியிருந்தது.

சட்டமும் ஒரே குரலில் பேசவில்லை. பிரிட்ஜ் சீட்டாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் அறக்கொடைச் சட்டம், உடல்திறனாலோ மனத்திறனாலோ நலம் வளர்ப்பதை விளையாட்டாக ஏற்கிறது. வரிவிலக்கு வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமோ 2017-இல், பிரிட்ஜில் உடலுழைப்பு பொருட்படுத்தத் தக்கதாக இல்லை, அதனால் ஐரோப்பிய வரிச் சட்டத்தின்படி அது விளையாட்டாகாது என்றது. நோக்கத்துக்கு ஏற்ப வரையறை மாறுகிறது. கலைச்சொல் இரண்டு வரையறைகளையும் தாங்க வேண்டும்.

இனி, வந்த பரிந்துரைகள். ‘மன விளையாட்டு’ என்றால் எதிரியின் மனத்தைக் குலைக்கும் தந்திரம் போலிருக்கிறது. ‘மூளை விளையாட்டு’ சிறுவர் பகுதியின் புதிர்ப் பக்கம். ‘அறிவு விளையாட்டு’ என்றதும் வினாடி வினா நினைவுக்கு வருகிறது, சதுரங்கத்தில் சோதிக்கப்படுவது தகவலறிவு இல்லை. ‘சூழ்’ என்ற வேர் எனக்கு மிகவும் பிடித்தது. ஆழ்ந்து எண்ணுதல் என்ற பழைய பொருள் அதற்கு உண்டு. ஆனால் ‘சூழாட்டம்’ என்று அச்சிட்டால் பாதிப் பேர் சூதாட்டம் என்று வாசிப்பார்கள், பிழைதிருத்துபவரும் அப்படியே ‘திருத்தி’ விடுவார். சொற்போர், மற்போர் வரிசையில் ‘மதிப்போர்’ அழகாக வந்தது. பாவம், அது மதிக்கிறவர்கள் என்றுதான் படிக்கும். ‘மதியாட்டம்’ என்றால் மேலே சொன்ன பிரிவின்படி கேம் பக்கம் இறங்கிவிடுகிறது.

எஞ்சுவது ‘மதிவிளையாட்டு’. மதி நிலவும் ஆயிற்றே என்று ஒருவர் கேட்டிருந்தார். மதிநுட்பம், மதிகெட்டான் என்று சொல்லும்போது யாரும் நிலவைப் பார்ப்பதில்லை. இச்சொல் மேலும் கிளைக்கும்: மதிவிளையாட்டு வீரர், மதிவிளையாட்டுப் போட்டி, 2005-இல் தொடங்கிய மைண்ட் ஸ்போர்ட்ஸ் சங்கத்தைப் பன்னாட்டு மதிவிளையாட்டுச் சங்கம் என்று தயங்காமல் எழுதலாம். கணினி ஆட்டப் போட்டிகளான இ-ஸ்போர்ட்ஸுக்கு ‘மின்விளையாட்டு’ என்று வைத்தால் உடல், மதி, மின் என்று மூன்றும் ஒரே அச்சில் நிற்கும்.

வரையறையில் அதிர்ஷ்டத்தைப் பற்றியும் ஒரு சொல் வேண்டும். பிரிட்ஜ் போட்டிகளில் ஒரே சீட்டுக்கட்டு வரிசையைப் பல மேசைகளில் ஆடவிட்டு, கிடைத்த சீட்டின் அதிர்ஷ்டத்தைக் கழித்துவிடுகிறார்கள். போக்கர் சீட்டாட்டத்தை எங்கே வைப்பது என்பதைத் தனியாகப் பேசுவோம். என் வரைவு இது:

மதிவிளையாட்டு (பெயர்ச்சொல்): வெற்றி தோல்வியைச் சிந்தனைத் திறனே முதன்மையாகத் தீர்மானிப்பதும், பொது விதி, நடுவர், தரவரிசை ஆகியவற்றோடு ஒழுங்கமைந்ததும், தற்செயலின் பங்கை விதிகளால் குறைத்ததுமான போட்டி விளையாட்டு. எ-டு: சதுரங்கம், கோ (கருப்பு, வெள்ளைக் காய்களால் ஆடும் பலகை ஆட்டம்), பிரிட்ஜ்.

‘முதன்மையாக’ என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்பதில் உங்கள் கருத்து வேண்டும். எடுத்தால் மின்னல் வேகச் சதுரங்கம் வெளியே போய்விடும் என்பது என் அச்சம்.