ஐந்தாம் கற்பனை எது? ஞானோபதேச வகுப்பில் வந்த சண்டை

தஞ்சை அக்கா கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் லுத்தரன் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், அதாவது விசுவாசத்தின் அடிப்படைப் பாடம், சொல்லித்தரும் பொறுப்பைப் போதகர் ஐயா என்னிடம் கொடுத்திருக்கிறார். அரை மணி நேரம்தான். அதற்குள் வாசலில் அப்பாக்கள் வண்டியை முறுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

போன வாரம் ஐந்தாம் கற்பனை, அதாவது பத்துக் கட்டளைகளில் ஐந்தாவது. "கொலை செய்யாதிருப்பாயாக" என்று ஆரம்பித்ததும் ஒரு பையன் எழுந்து, "இல்லக்கா, அது ஆறாவது. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணுறதுதான் அஞ்சாவது" என்றான். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பள்ளியில் படிக்கிறவன், வேத வசனப் போட்டியில் பரிசு வேறு வாங்கியிருக்கிறான். கத்தோலிக்கக் கான்வென்ட்டில் படிக்கும் இரண்டு பெண்கள் என் கட்சி. கொலை செய்யக் கூடாது என்ற பாடத்திலேயே அடிதடி ஆகிவிடும் போலிருந்தது.

இன்னொன்று. கற்பனையை ஒப்பிக்கிறார்கள், "இதற்கு அர்த்தம் என்ன?" என்றால் அதையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். மனதில் எதுவும் இறங்கியதாகத் தெரியவில்லை. அடுத்த வாரம் விபசாரம் பற்றிய ஆறாம் கற்பனை. எட்டு வயதுப் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.

சென்னைத் தம்பி:

அக்கா, அவன் சொன்னதும் சரி, நீங்கள் சொன்னதும் சரி. வேதத்தில் கற்பனைகள் வரும் யாத்திராகமம் 20-ஐத் திறந்து காட்டுங்கள். வசன எண் இருக்கும், கற்பனைக்கு எண் இருக்காது.

பொறையாறு டீச்சர்:

தம்பி சொன்னது உண்மைதான், ஆனால் அதோடு விட்டால் பையன் "அப்ப யார் எண் போட்டது?" என்று கேட்பான். பத்து என்று வேதமே சொல்கிறது. எங்கே வெட்டிப் பத்தாக்குவது என்பதில்தான் பிரிந்தார்கள். விக்கிரகம் பற்றிய வசனத்தை முதலாம் கற்பனையோடு சேர்த்து, பிறனுடையதை இச்சிக்காதே என்பதை இரண்டாகப் பிரிப்பது பழைய திருச்சபைத் தந்தை அகுஸ்தீனின் வழி. ரோமன் கத்தோலிக்கரும் நாமும் அந்தப் பக்கம். ஆங்கிலிக்கன் சபையாரும் சீர்திருத்தச் சபையாரும் விக்கிரகத்தைத் தனியாக இரண்டாவதாக வைத்தார்கள்; சி.எஸ்.ஐ.க்கு அது அங்கிருந்து வந்தது. உங்கள் கான்வென்ட் பெண்களையும் ரொம்ப நம்பாதீர்கள், ஒன்பதில் கட்சி மாறிவிடுவார்கள்! நமக்கு அங்கே பிறனுடைய வீடு, அவர்களுக்குப் பிறனுடைய மனைவி. நாம் யாத்திராகமம் 20-இன் வரிசை, அவர்கள் அதே கற்பனைகள் மறுபடி வரும் உபாகமம் 5-இன் வரிசை.

வகுப்பில் மட்டும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் ஒரு மாதிரி, அடுத்த வருஷம் வேறு மாதிரி சொன்னால் சிறுவர்கள் குழம்புவார்கள், ஒரே பாடத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று நம் சபையின் முன்னோடி மார்ட்டின் லுத்தரே தாம் எழுதிய சிறிய ஞானோபதேசப் புத்தகத்தின் முன்னுரையில் போதகர்களுக்குச் சொல்கிறார். முதலில் வார்த்தை, பிறகு அர்த்தம், அதுவும் ஒவ்வொன்றாக என்பதும் அவர் சொன்னதுதான். அதனால் ஒப்பிப்பதைக் குறைவாக நினைக்காதீர்கள். அது பாதி வேலை.

மீதிப் பாதிக்கு, "செய்யாதே" என்பதை விட்டு "செய்" என்கிற பக்கம் வாருங்கள். கொலை செய்யாதே என்பதோடு லுத்தர் நிற்கவில்லை. பிறனுடைய உடம்புக்குத் தீங்கு செய்யாமல், அதற்குத் தேவை வரும்போது உதவவும் வேண்டும் என்கிறார். நான் கேட்பது இப்படித்தான்: ஓடிப்பிடித்து விளையாடும்போது மூச்சிரைக்கிற பையனை என்ன செய்கிறீர்கள்? குண்டாக இருப்பவளுக்கு என்ன பட்டப்பெயர் வைத்திருக்கிறீர்கள்? உடனே ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பார்கள். பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிற எட்டாம் கற்பனைக்கும் அங்கேயே வேலை வந்துவிடும்.

ஆறாவதற்கும் அவர் தரும் அர்த்தம் கைகொடுக்கும். சொல்லிலும் செயலிலும் சுத்தமாயிருப்பது, கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் நேசித்துக் கனம்பண்ணுவது. பிள்ளைகள் எத்தனையோ கல்யாண ஆராதனை பார்த்திருப்பார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் பீடத்துக்கு முன்னால் என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். கொடுத்த வாக்கை மீறுவதுதான் பாவம் என்றால் அந்த வயதுக்குப் போதும். வளர்ந்த பிறகு வரும் திடப்படுத்தல் வகுப்பில் மீதியை ஐயா பார்த்துக்கொள்வார்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:

வண்டியை முறுக்குகிறவர்களில் நானும் ஒருவன், அதனால் சொல்கிறேன். அந்தப் புத்தகத்தில் பாகத்துக்குப் பாகம், வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லித்தர வேண்டிய விதம் என்றுதான் தலைப்பே. நாம்தான் ஞாயிற்றுக்கிழமை டீச்சர் தலையில் கட்டிவிட்டோம். 1529-இல் முதலில் அது சுவரில் மாட்டும் தாளாகத்தான் அச்சானது. ஒரு கற்பனை, அதன் அர்த்தம், இரண்டையும் பெரிதாக எழுதி வாட்ஸாப்பில் அனுப்புங்கள் அக்கா, அச்செடுத்துச் சாப்பாட்டு மேசைப் பக்கம் ஒட்டிவிடுகிறோம். படிக்க மறுக்கும் பிள்ளைக்குச் சாப்பாடு போடாதே என்றும் லுத்தர் எழுதியிருக்கிறார். அதை என் வீட்டில் அமல்படுத்தினால் பட்டினி எனக்குத்தான்.

தஞ்சை அக்கா:

ரொம்ப நன்றி. தாள் யோசனையை இந்த வாரமே செய்கிறேன். டீச்சரம்மா, கல்யாண வாக்கு நல்ல வழி, ஆனால் என் வகுப்பில் ஒரு பெண்ணின் அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். அவளை வைத்துக்கொண்டு வாக்கை மீறுவது பாவம் என்று எப்படிச் சொல்வது?

பொறையாறு டீச்சர்:

சனிக்கிழமையே அந்த அம்மாவைப் போய்ப் பார்த்து, இன்ன பாடம் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிடுங்கள். வகுப்பில் மீறுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், காப்பதை மட்டும் பேசுங்கள். யார் வீட்டையும் உதாரணம் காட்டாதீர்கள், உங்கள் வீட்டையும் சேர்த்துத்தான்.